ஒரே பெயரில் எத்தனை பேர்?

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகும் ஐடி வேலைக்குப் போகும் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவதில்லை. “பிஜிவி முடியட்டும்” என்பார்கள். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், அதாவது பின்னணிச் சரிபார்ப்பு. கல்லூரிச் சான்றிதழ், முந்தைய வேலை, முகவரி, நீதிமன்ற வழக்கு என ஒவ்வொன்றையும் வெளி நிறுவனம் ஒன்று அலசிப் பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் குறித்து அறிக்கை கொடுக்கும். பார்ப்பதற்குத் துப்பறியும் வேலை மாதிரி இருந்தாலும் பெரும்பகுதி கணிதம்தான். அதில் சில இடங்கள் பிரமிக்க வைக்கும். ஓர் இடம் பயமுறுத்தும்.

ஆதார் எண்ணையே எடுத்துக்கொள்வோம். அதன் 12 இலக்கங்களில் கடைசி இலக்கத்துக்கு ஒரே வேலை: முன்னால் நிற்கும் பதினொன்றைக் காவல் காப்பது. தட்டச்சு செய்பவர் ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி அடித்தாலோ கணினி உடனே கண்டுபிடித்துவிடும். இந்த முறையை 1969-இல் கொடுத்தவர் யாகோபஸ் வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணிதவியலாளர்.

இதில் என்ன அதிசயம்? சாதாரணக் கூட்டலில் 3-ஐயும் 7-ஐயும் எந்த வரிசையில் போட்டாலும் பத்துதான். அதனால் இடம் மாறிய இலக்கம் கூட்டலின் கண்ணில் படாது. கிரெடிட் கார்டு எண்களில் ஒன்றுவிட்டு ஒரு இலக்கத்தை இரட்டித்துக் கூட்டி இதைச் சமாளிக்கிறார்கள். அப்படியும் 09 என்பது 90 ஆகிவிட்டால் அந்த முறைக்குத் தெரியாது. வெர்ஹூஃப் கூட்டலையே கைவிட்டார். ஓர் ஒழுங்கான ஐங்கோணத்தைக் காகிதத்தில் வெட்டி, மூலைகளுக்கு எண் போட்டுப் பாருங்கள். ஒரு மூலை அளவு சுழற்றிவிட்டுப் புரட்டினால் ஒரு நிலை வரும். முதலில் புரட்டிவிட்டு, பிறகு அதே திசையில் சுழற்றினால் வேறு நிலை வரும். இங்கே வரிசை மாறினால் விடையும் மாறுகிறது! இப்படி அந்த ஐங்கோணத்துக்கு மொத்தம் பத்து நிலைகள். நம் இலக்கங்களும் பத்து. ஆளுக்கொரு நிலையைக் கொடுத்து, இலக்கம் நிற்கும் இடத்துக்குத் தக்கபடி அதை மாற்றும் ஒரு படியையும் சேர்த்தார். ஒற்றை இலக்கப் பிழை, பக்கத்து இலக்க இடமாற்றம் இரண்டும் ஒன்றுகூடத் தப்பாது.

ஆனால் இந்தக் காவலாளிக்கு எண் மட்டும்தான் தெரியும், ஆளைத் தெரியாது. சோதனையில் தேறும் எண்ணைக் கணக்குப் போட்டு யாரும் உருவாக்கிவிடலாம். அதனால் பட்டச் சான்றிதழுக்கு வேறு பூட்டு. டிஜிலாக்கரில் வரும் சான்றிதழோடு டிஜிட்டல் கையொப்பம் வந்தால், மதிப்பெண்ணில் ஒரே ஒரு இலக்கத்தை மாற்றினாலும் கையொப்பம் செல்லாமல் போகும். வேலை அனுபவத்தைக் கூட்டிச் சொல்பவர்களை மாட்டிவிடுவது பிஎஃப் கணக்கு. 2014-இல் வந்த 12 இலக்க யுஏஎன் எண், வேலை மாறினாலும் மாறாது. சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அந்தக் கணக்கிலேயே இருக்கும்.

இதுவரை எல்லாம் எண். நீதிமன்றப் பதிவுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒருவர்மேல் வழக்கு உண்டா என்று பார்க்க, ஆதார் எண்ணோ யுஏஎன்னோ உதவாது. கட்சிக்காரர் பெயரைப் போட்டுத்தான் தேட வேண்டும். மதுரை மாவட்டத்தில் முருகன் என்று தேடினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இனிஷியல் சில பதிவில் முன்னால் நிற்கும், சிலவற்றில் பின்னால். சிலவற்றில் அது அப்பாவின் முழுப்பெயராகவே விரிந்திருக்கும்.

எழுத்துக்கூட்டலும் சேர்ந்துகொள்கிறது. உச்சரிப்பை வைத்துப் பெயர்களைப் பொருத்தும் பழைய முறைகளில் ஒன்று சவுண்டெக்ஸ். 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெயர் அட்டவணைகளுக்குப் பயன்பட்டது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒத்த ஒலியுள்ள மெய்களுக்கு ஒரே எண் கொடுக்கும். செந்தில் என்ற பெயரை ஆங்கிலத்தில் Senthil என்று எழுதினாலும் Sendil என்று எழுதினாலும் கிடைப்பது எஸ்534. சபாஷ். ஆனால் சி-எச் போட்டுத் தொடங்கினால் சி534 ஆகிவிடும். ஒரே செந்தில் இரண்டு ஆளாகிவிடுவார். தமிழ்ச்செல்வியின் பாடு இன்னும் மோசம். ழகரத்துக்கு எல் போட்டால் டி542, இசட்-எச் போட்டால் டி524. இன்றைய மென்பொருள்கள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாகப் பொருத்துகின்றன. இருந்தாலும் தளர்த்தினால் ஊரிலுள்ள செந்தில் எல்லாரும் வந்து நிற்பார்கள், இறுக்கினால் தேடும் செந்திலே நழுவிவிடுவார். இந்தச் சிக்கல் தீரவில்லை.

சின்னப் பிழைதானே என்று விட முடியாது. 10,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள், அதில் 100 பேர் உண்மையிலேயே வழக்கை மறைத்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறைத்தவர்களில் 100-க்கு 90 பேரை நம் சோதனை பிடிக்கிறது. நல்லவர்களில் 100-க்கு 5 பேரை மட்டும் தவறாகப் பிடிக்கிறது. கேட்க நல்ல சோதனைதான். இப்போது எண்ணுங்கள். உண்மையாக மாட்டுபவர் 90. தவறாக மாட்டுபவர், 9,900 பேரில் 495. சிவப்பு வாங்கிய 585 பேரில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஐந்து பேர் ஒரு பாவமும் அறியாதவர்கள். சோதனை மட்டம் என்பதால் வந்ததில்லை இது. தேடப்படுபவர்கள் கூட்டத்தில் மிகக் குறைவு என்பதால் வந்தது. அரிய நோய்க்கு ஊர் முழுக்கப் பரிசோதனை செய்யும் மருத்துவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கம். ஹெச்ஆர் அறையில் இதைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன். வழக்கு நிலுவையில் இருப்பது வேறு, குற்றம் நிரூபணமாவது வேறு என்பதையும் நிறம் சொல்வதில்லை.

அமெரிக்காவில் இப்படியான அறிக்கையை வைத்து ஒருவரை நிராகரிக்கப் போகும் நிறுவனம், முடிவெடுக்கும் முன்பே அறிக்கையின் நகலை அவரிடம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் யாரும் கட்டாயப்படுத்தாமலே இதைச் செய்யலாம். அறிக்கை சிவப்பாக வந்தால், அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, தகப்பனார் பெயரையும் முகவரியையும் வழக்கில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.