இரண்டு மேடு, ஒரு பள்ளம்

படிவம் ஆறில் வேதியியல் பயிலும் பிள்ளை வீட்டிலிருந்தால், இரண்டு மேடும் நடுவே ஒரு பள்ளமுமாக வளையும் ஒரு கோட்டை அதன் நோட்டுப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். அதுதான் வேதிவினையின் ஆற்றல் வரைபடம். மேலே போகப் போக ஆற்றல் கூடும். இடமிருந்து வலமாக வினை முன்னேறும். ஒவ்வொரு மேடும் வினையின் ஒரு படி.

மரம் வெட்டுவதில் நாம் எவ்வளவு சுறுசுறுப்புக் காட்டினாலும், பால் நிறுக்குமிடத்தில் வரிசை நீண்டு விட்டால், வீடு திரும்பும் நேரத்தை அந்த வரிசையே தீர்மானிக்கிறது அல்லவா? வினையிலும் அப்படி ஒரு படி உண்டு. அதையே வேகத்தை நிர்ணயிக்கும் படி என்கிறோம்.

டெர்ஷியரி பியூட்டைல் புரோமைடு என்னும் பொருளைக் காரக் கரைசலில் இட்டால், முதலில் புரோமின் பிரிந்து செல்கிறது. நேர்மின்னேற்றமுள்ள கார்பன் அயனி மிஞ்சுகிறது. இதுவே நடுப்பள்ளம். பின்னர் அந்த அயனியுடன் ஹைட்ராக்சைடோ நீரோ சேர்கிறது. முதல் மேடே உயரமானது. ஆகவே காரத்தை இரட்டித்தாலும் வேகம் ஏறக்குறைய மாறுவதில்லை. புரோமைடை இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கிறது. 1930களில் இலண்டனில் ஹியூஸ், இங்கோல்டு இருவரும் இத்தகைய வினைகளை விரிவாக ஆராய்ந்தார்கள்.

இங்கே பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. நாமும் பல ஆண்டுகள் தவறாகவே சொல்லிக்கொடுத்தோம். ஒவ்வொரு படியிலும் ஏற வேண்டிய ஏற்றத்தைத் தனித்தனியே அளந்து, பெரியதைக் குறிக்கச் சொன்னோம். அது எப்போதும் சரிவராது. தொடக்கம் 0, முதல் உச்சி 60, பள்ளம் 50, இரண்டாம் உச்சி 80 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஏற்றம் 60, இரண்டாவது 30 தான். ஆயினும் பள்ளத்தில் நிற்கும் மூலக்கூறு முன்னேற 30 ஏற வேண்டும். திரும்பி ஓட 10 போதும். பெரும்பாலானவை திரும்பியே விடும். எனவே இங்கே வேகத்தை நிர்ணயிப்பது இரண்டாம் படியே.

பள்ளம் தொடக்கத்தைவிட மேலே இருந்தால், மிக உயர்ந்த உச்சியைத் தேடுங்கள். பள்ளம் தொடக்கத்துக்கும் கீழே இறங்கியிருந்தால் மட்டும், இரண்டாம் ஏற்றத்தைப் பள்ளத்தின் அடியிலிருந்து அளந்து, முதல் ஏற்றத்தோடு ஒப்பிட வேண்டும்.

கோடு கடைசியில் எவ்வளவு தாழ்ந்து முடிகிறது என்பதைப் பார்த்து வேகத்தைச் சொல்லும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த இறக்கம், வினையில் எவ்வளவு ஆற்றல் வெளிப்படுகிறது என்பதைத்தான் காட்டும்.