எதற்காகப் பிறந்தோம்? கண்டி மாநகர் கூறும் விடை

மனிதராய்ப் பிறந்தோர் என்றேனும் ஒரு நாள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு. 'நாம் எதற்காகப் பிறந்தோம்?' என்பதே அது. முதியோர் அதனை ஓய்ந்திருக்கும் மாலைப் பொழுதிற் கேட்பர். மாணவரோ உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றைக் கையிலேந்தி நிற்கும் வேளையிற் கேட்பர். மருத்துவமா, பொறியியலா, ஆசிரியத் தொழிலா, கடல் கடந்த வாழ்வா என மனம் அலைபாயும். பெற்றோர் ஒன்று கூறுவர். உற்றார் வேறொன்று கூறுவர். நம் வீடுகளில் அவ்வேளை பெட்டியிலிருக்கும் சாதகக் குறிப்பை எடுத்துப் பார்ப்பதும் உண்டு.

கிறித்தவ மாணவர் இக்கேள்வியைச் சற்று வேறு விதமாகக் கேட்கக் காண்கின்றோம். 'என் வாழ்வைக் குறித்து இறைவன் கொண்ட நோக்கம் யாது?' என்பது அவர்தம் வினா. அந்நோக்கத்தை இறையழைத்தல் என்றும் தேவசித்தம் என்றும் அவர்கள் வழங்குவர். நாம் சைவ மரபில் வந்தவர்கள். எனினும், கண்டியிற் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இவ்வினாவுக்குச் செவிசாய்க்காது இருத்தல் இயலாது. தலதா மாளிகைக்குச் செல்லும் பிள்ளையும், கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குச் செல்லும் பிள்ளையும், புனித அந்தோனியார் பேராலயத்துக்குச் செல்லும் பிள்ளையும், பள்ளிவாசலுக்குச் செல்லும் பிள்ளையும் அருகருகே வாழும் நகரம் அன்றோ இது!

இவ்வினாவைப் பற்றி இளையோரிடையே ஒரு மயக்கம் உண்டு. இறைவன் ஒவ்வொருவர்க்கும் வாழ்க்கைப் படமொன்றை முழுமையாக வரைந்து எங்கோ ஒளித்து வைத்துள்ளான் என்றும், அதனை எப்படியேனும் கண்டெடுத்தல் வேண்டும் என்றும், பிழையான கதவொன்றைத் திறந்துவிட்டால் வாழ்வே பாழாகும் என்றும் சிலர் எண்ணுகின்றனர். அதனால் வானத்திலிருந்து அடையாளம் வரும்வரை ஒன்றும் செய்யாது காத்திருப்போரும் உளர். முதல் முயற்சி தவறியதும் கடவுள் தம்மைக் கைவிட்டார் என்று சோர்வோரும் உளர். இது கிறித்தவ நம்பிக்கை அன்று. சாதகத்தை வேதாகமத்தின் அட்டைக்குள் வைத்துப் பார்ப்பதே ஆகும். கிறித்தவ வரலாறு காட்டும் வழி வேறு. அதற்குச் சான்று தேடி உரோமாபுரிக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் கண்டி நகரிலேயே ஒருவர் வாழ்ந்து மறைந்தார்.

யோசப் வாஸ் அடிகளார் 1651 ஆம் ஆண்டு சித்திரை 21 ஆம் நாள் கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரிற் பிறந்தவர். கொங்கணி பேசும் கத்தோலிக்கக் குடும்பத்தவர். 1676 இல் குருவானார். அக்காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரை நாட்டினின்றும் அகற்றி, அவர்கள் மீண்டும் காலடி வையாதவாறு தடுத்திருந்தனர். இச்செய்தி இளங்குருவின் உள்ளத்தை உலுக்கிற்று. தம்மை இலங்கைக்கு அனுப்புமாறு அவர் மேலோரை வேண்டினார்.

அவர்கள் இசைந்தனரோ? இல்லை. 1681 இல் அவரைக் கனரா நாட்டுப் பணிக்கு அனுப்பினர். வேறொருவராயின் 'இறைவன் அழைத்தான். மனிதர் தடுத்தனர்' என்று மனங்கசந்திருப்பர். அடிகளாரோ கனராவிற் கிடைத்த பணியை முழு மனத்தோடு செய்தார். ஊர் ஊராக நடந்தார். சிறு பள்ளிகள் அமைத்தார். திருச்சபை அதிகாரம் யாருக்கு உரியது என்று அங்கு எழுந்த கசப்பான பிணக்கினிடையே பொறுமையோடு பழகினார். பின்னாளில் அயற்சமய மன்னனின் ஆட்சியில், தனியொருவராய், கால்நடையாக மலையும் காடும் கடந்து பணிபுரிய வேண்டியவருக்குக் கனராவைவிடச் சிறந்த பயிற்சிக்களம் எது? அடைபட்ட கதவு என்று தோன்றியது உண்மையில் ஆயத்தக் கூடமாய் அமைந்தது. ஆயினும் அதனுள் நின்ற நாளில் அவருக்கு அது தெரிந்திருக்க இயலாது.

கோவாவுக்கு மீண்டு, 1685 இல் அங்கிருந்த குருமார் சிலரோடு கூடி ஒறற்றோரியன் துறவுக் குழாத்தை உருவாக்கினார். அதன் தலைமையும் அவரை வந்தடைந்தது. மதிப்பும் நிலையான இடமும் கிடைத்த அவ்வேளையிலும் இலங்கை பற்றிய எண்ணம் தணியவில்லை. 1686 இல் தலைமைப் பதவியை விட்டுப் புறப்பட்டார். யோவான் என்னும் பணியாளனோடு ஏழைக் கூலியாளின் கோலம் பூண்டு, தூத்துக்குடி வழியாக 1687 இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். வந்ததும் வயிற்றுக்கடுப்பு நோய் அவரை வீழ்த்திற்று. இரக்கமுள்ள பெண்ணொருத்தி அளித்த உணவால் உயிர் பிழைத்தார் என்பர். பின்னர்ச் செபமாலையைக் கழுத்திலணிந்து வீடு வீடாகப் பிச்சை ஏற்றார். அம்மாலையை அடையாளங் கண்டோர் மூலமாக மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைக் கண்டுகொண்டார்.

1692 இல் கண்டிக்கு வந்தவரைப் போர்த்துக்கேய ஒற்றன் எனக் கருதி இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் சிறையிலிட்டான். அச்சிறையிலும் அவர் காலத்தை வீணாக்கவில்லை. சிங்கள மொழியைக் கற்றார். முற்றத்திற் சிறு குடிலமைத்து வழிபட்டார். நாளடைவில் மன்னன் அவரது தூய்மையை உணர்ந்து விடுதலை செய்தான். ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இத்தீவெங்கும் அவர் ஒருவரே கத்தோலிக்கக் குரு. அதன் பின்னரே கோவாவிலிருந்து துணைவர் வந்தனர்.

1697 இல் கண்டியில் வைசூரி பரவிற்று. மன்னனும் மக்களும் நகரை விட்டு நீங்கினர். நோயுற்றோரைச் சொந்த உறவினரே காட்டில் விட்டகன்றனர். அடிகளாரும் அவர் மருகரான கார்வாலோ குருவும் நகரிலேயே தங்கினர். கைவிடப்பட்டோருக்குக் குடில் அமைத்து, உணவூட்டி, புண் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தனர். பௌத்தர் என்றோ கத்தோலிக்கர் என்றோ அவர்கள் வேறுபாடு காட்டவில்லை. 'இதுவோ என் அழைத்தல்?' என்று ஆராய்வதற்கு அங்கே நேரமிருந்திராது. வாசலிற் கிடந்தவனே இறைவனின் விடையாயிருந்தான்.

1711 ஆம் ஆண்டு தை 16 ஆம் நாள் கண்டியிலே அவர் உயிர் நீத்தார். அவரை அடக்கிய இடம் இன்று அடையாளந் தெரியாது மறைந்துவிட்டது. 1995 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 தை 14 ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிசு கொழும்பு காலிமுகத் திடலிற் புனிதராகவும் அறிவித்தனர். மறைந்து 304 ஆண்டுகள் கழிந்த பின்பே அப்பெருமை வந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறியக்கூடியது ஒன்றே: இறைவனின் நோக்கம் முழுப்படமாய் முதலில் வருவதில்லை, அடுத்த அடி மட்டுமே காட்டப்படுகிறது. அவ்வடியை உண்மையோடு எடுத்து வைப்பவனுக்கே அதற்கடுத்த அடி தெரிகிறது. கைவிளக்கேந்தி மலைப்பாதையில் நடப்பவனுக்கு உச்சி தெரியாது. கால் வைக்க வேண்டிய கல் தெரியும். அது போதும்.

இவ்வுண்மையைக் கண்டியை அடுத்த அம்பிட்டியாவிலும் காணலாம். பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரின் முயற்சியால் 1893 இல் அங்கே குருமாணவர்க்குரிய கல்லூரி தொடங்கிற்று. அது 1955 இல் இந்தியாவின் பூனா நகருக்குப் பெயர்ந்த பின், இலங்கையின் தேசிய குருமடம் அங்கே இயங்கி வருகிறது. குருவாக விரும்பும் இளைஞன் பல்லாண்டுகள் பயில்கிறான். அக்காலம் படிப்புக்கு மாத்திரமன்று, சோதித்தறிதற்கும் உரியது. அவன் தன் விருப்பத்தை ஆராய்கிறான். திருச்சபையும் அவனை ஆராய்கிறது. இடையில் விலகி இல்லறம் புகுவோரும் உண்டு. அதனைத் திருச்சபை தோல்வியெனக் கொள்வதில்லை; அதுவும் அழைத்தலைக் கண்டறிந்த ஒரு வகையே.

நம் காலத்துச் சான்றும் உண்டு. யேசு சபைத் துறவியான பால் கஸ்பர்ஸ் அடிகளார் 1972 இல் கண்டியிற் சத்தியோதயம் என்னும் நிலையத்தை நிறுவினார். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட பெருந்தோட்டத் தமிழரின் உரிமைக்காகவும், சிங்களவரும் தமிழரும் ஒருமித்து வாழ்தற்காகவும் 2017 இல் மறையும்வரை உழைத்தார். தோட்டத் தொழிலாளர் குடும்பத்திற் பிறவாத அவர், கண்டியைச் சூழ்ந்த மலைகளின் லயன்களிலிருந்து எழுந்த துயரக் குரலைத் தமக்கு வந்த அழைப்பாகக் கேட்டார்.

குருமாருக்கும் துறவியருக்குமே அழைத்தல் உண்டென எண்ணுதல் தவறு. உழவும் நெசவும் இல்லறமும் கூட இறைவனளித்த அழைத்தலே என்று பதினாறாம் நூற்றாண்டில் மாட்டின் லூதர் போதித்தார். புனித வாழ்வுக்கான அழைப்பு எல்லோருக்கும் பொது என்று 1962 முதல் 1965 வரை நிகழ்ந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்கர்க்கு வலியுறுத்திற்று. ஆகவே பேராதனை வைத்தியசாலையில் இரவு விழித்திருக்கும் தாதியும், தோட்டப் பாடசாலையில் அரிச்சுவடி கற்பிக்கும் ஆசிரியையும் இவ்வினாவுக்கு உரியவரே.

எனவே, கிறித்தவ மாணவரே, நுமது வேதமும் நும் பெரியோரும் காட்டும் வழி எளிது. நாம் கருதும் செயல் அன்புக் கட்டளைக்கு மாறானதா எனப் பாருங்கள். மாறாயின் அது இறைசித்தம் அன்று. நுமக்கு அளிக்கப்பட்ட திறமை யாதென எண்ணுங்கள். அருகிலிருப்போரின் தேவை யாதெனக் கண்திறந்து காணுங்கள். அமைதியாக வேண்டுதல் செய்து, நும்மை நன்கறிந்த மூத்தோர் ஒருவரிடம் மனந்திறந்து கேளுங்கள். பின்னர்த் துணிந்து ஓர் அடி வையுங்கள். கதவொன்று அடைபட்டால், நின்ற இடத்திலே செய்யத்தக்க பணியைச் செய்யுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளையின் வாழ்வு நம் நிறைவேறாத கனவை நிறைவேற்றும் கருவியன்று. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். எச்சமயத்தவராயினும் இதனை மறுப்பார் இலர். பிள்ளை பெறும் சம்பளம் எவ்வளவு என்று கேட்குமுன், அப்பிள்ளையால் எவர் துயர் நீங்கும் என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போமாக. எதற்காகப் பிறந்தோம் என்னும் கேள்விக்கு வீட்டில் விடை தேடத் தொடங்க வேண்டிய இடம் அதுவே.