ஈடும் அறுதியும்

காணிச் சாசனத்தைத் தமிழகத்தார் பத்திரம் என்பர். ஈழத்து வழக்கில் நாம் அதனை ‘உறுதி’ என்கிறோம். எத்துணை நம்பிக்கையூட்டும் சொல்! ஆயினும், அந்த உறுதியிலேயே ஈட்டு உறுதி என்று ஒன்றும், அறுதி உறுதி என்று ஒன்றும் உண்டு. முன்னையதில் காணி நம்முடையதாகவே இருந்து, கடனுக்குப் பிணையாக மட்டும் நிற்கிறது. பின்னையதிலோ நமக்கும் காணிக்கும் உள்ள தொடர்பே அற்றுப்போகிறது. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை அகராதி பார்ப்போருக்கு மட்டும் உரிய செய்தியன்று. வீடு வைத்திருப்போர் அனைவருக்கும் உரியது.

எல்லவில் அதன் அருமை இப்போது மிகுதி. 1924இல் பதுளைக்குப் புகைவண்டி வந்தபொழுது, தெமோதரைக்கு அண்மையில் உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண உலகமே திரண்டு வரும் என்று எவர் எண்ணியிருப்பர்? வருவோருக்கு அறை வேண்டும். அறைக்கு நிலம் வேண்டும். போஞ்சியும் கோவாவும் விளைந்த பத்துப் பேர்ச் துண்டுக்குக்கூட விலை கேட்டு வருகிறார்கள். நிலத்தின் விலை ஏறும்போது, அதைக் குறைந்த விலைக்கு அடையும் வழிகளும் பெருகுவது இயல்பு.

என்னிடம் முன்னர் பயின்ற பெண்ணொருத்தி, சில ஆண்டுகளுக்கு முன், ஓர் உறுதியுடன் என்னிடம் வந்தாள். லயத்தில் பிறந்த அவள் தந்தை, மத்திய கிழக்கில் உழைத்த பணத்தில் சிறு காணி வாங்கி, இரண்டு அறை வீடு கட்டியவர். மகனை வெளிநாடு அனுப்புவதற்காக ஒருவரிடம் ஐந்து இலட்சம் ரூபாய் கடன் பெற்றார். மாதந்தோறும் வட்டியும் கொடுத்து வந்தார். மூன்றாம் ஆண்டில், கடன் கொடுத்தவர் அளவுநாடாவுடன் வேறொருவரை வீட்டுக்கு அழைத்து வந்து நின்றார்.

“சேர், அப்பா ஈடுதான் வைத்தார். கையெழுத்து வாங்கும்போது அவர்களும் ஈடு என்றுதான் சொன்னார்களாம்” என்றாள்.

உறுதி சிங்களத்தில் இருந்தது. ஈட்டிற்குச் சிங்களத்தில் ‘உகஸ்’ என்பர். அறுதிக்குச் ‘சின்னக்கர’ என்பர். தாள்களை இருமுறை புரட்டினேன். உகஸ் எங்கும் இல்லை, சின்னக்கர இருந்தது. கையெழுத்து மெய்; நொத்தாரிசு மெய்; சாட்சிகள் இருவரும் மெய். பொய்யாக இருந்தது அந்தச் சாசனத்தின் பெயர் ஒன்றுதான். அவள் தந்தைக்கோ தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும்.

கடன் கொடுத்தவர் ஏன் இவ்வாறு செய்கிறார்? ஈடாக எழுதினால், கடன் தவறும்போது 1949ஆம் ஆண்டு ஈட்டுச் சட்டப்படி வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெற்றே காணியை விற்பிக்க வேண்டும். அறுதியாக எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. “மூன்று ஆண்டுக்குள் மீட்காவிடில் காணி எனக்கே” என்னும் நிபந்தனை உறுதியும் ஏறக்குறைய அத்தகையதே. தவணை கடந்தபின் இரக்கத்திற்கு அங்கே இடம் மிகக் குறைவு.

காணி உறுதி எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் அமைய வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். அப்படியானால் வாய்மொழியில் சொன்னது செல்லாதா? மோசடியைத் தடுக்க எழுந்த சட்டமே மோசடிக்குக் கருவியாகலாமா என்னும் வினா, வள்ளியம்மை ஆச்சி – அப்துல் மஜீத் வழக்கில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. ஆகலாகாது என்று 1947இல் தீர்ப்பாயிற்று. 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவும் துணை நிற்கிறது: உரிமையை முற்றாகக் கொடுத்துவிடும் கருத்து சூழ்நிலைகளால் புலப்படாதாயின், பெற்றவர் அதனைக் கொடுத்தவருக்காகவே வைத்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

சூழ்நிலை என்றால் என்ன? எழுதிய விலை சந்தை விலையினும் மிகக் குறைவா, எழுதிக் கொடுத்த பின்னும் பழையவரே குடியிருக்கிறாரா, வட்டி கட்டிய சான்று உண்டா, வரியையும் நொத்தாரிசுக் கூலியையும் எவர் கொடுத்தார் என்பனவெல்லாம் நீதிமன்றம் நோக்குவன. ஆகவே வட்டியைக் கையிற் கொடுக்காமல் வங்கி வழியே கொடுப்பது பெருங்காப்பு. ஆனால் காலம் தாழ்த்தலாகாது. கள்ளமறியாத மூன்றாமவர் பணங்கொடுத்து வாங்கிவிட்டால், 98ஆம் பிரிவு அவரையே காக்கும். வழக்கைத் தொடுத்த கையோடு, அது நடைபெறுவதைக் காணிப் பதிவகத்திலும் பதிய வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லி, பதுளையில் ஒரு வழக்கறிஞரிடம் அனுப்பினேன்.

வாங்குவோர்க்கு ஒரு பழைய பாடம் சேக்கிழாரிடம் இருக்கிறது. திருமணப் பந்தலில் முதியவர் காட்டிய ஆளோலையைச் சுந்தரர் கிழித்தெறிந்தார். கிழிந்தது படியோலை, மூல ஓலையோ திருவெண்ணெய்நல்லூரில்! அவையோர் அந்த மூல ஓலையை வாசிப்பித்து, சாட்சி எழுத்துகளை நோக்கி, பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டே முடிவு கூறினர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூன்று சான்றுகள் அங்கே பேசப்படுகின்றன. பக்திக்காக மட்டுமே அப்பகுதியைக் கற்பிக்கிறோம்; ஆவணம் ஆராயும் நெறிக்காகவும் கற்பிக்கலாம்.

ஆட்சி என்பது குடியிருப்பவர் எவர் என்பது. பத்தாண்டு எதிரிடையாக ஆண்டவருக்கு 1871ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தரும். எனவே பூட்டிய வீட்டின் பின்வாசலையும் பார்க்க வேண்டும். காட்சிக்கு அயல்வீட்டாரிடம் ஒரு தேநீர் போதும். ஆவணத்திற்கோ விற்பவர் தரும் நகல் போதாது. பதிவகத்தின் ஏட்டையே பார்க்க வேண்டும். அங்கே பழைய ஈடுகள் தெரியும். வாங்கிய உறுதியை உடனே பதியவும் வேண்டும். பிந்தி எழுதியவர் முந்திப் பதிந்தால், வஞ்சனை காட்டினாலன்றி அவருக்கே முதன்மை.

1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் இசைவின்றி விற்றால் செல்லாது. லயத்து அறையைக் குடியிருப்பவர் விற்க முடியாது, அது அவருடையதன்று.

கடல் கடந்து வாழும் உடைமையாளருக்குத்தான் அச்சம் மிகுதி. அவர் பெயரில் பொய்யான அற்றோர்னித் தத்துவம் ஒன்று பிறந்துவிடலாம். 1927ஆம் ஆண்டு ஆவணப் பதிவுச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, தம் காணி பற்றி எவ்வுறுதியேனும் பதிவுக்கு வந்தால் தமக்கு அறிவிக்குமாறு அவர் காணிப் பதிவகத்தில் மனுக் கொடுத்து வைக்கலாம். அதற்கு ஒரு கால எல்லை உண்டு. முடியுமுன் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.