பழைய மாதிரி ரயில் இதழ்க் கட்டுரைகளைத் தேடுதல்

மாதிரி ரயில் இதழ்கள் என்பவை வீட்டில் சிறு அளவில் ரயில் பாதை அமைப்போருக்காக வெளிவரும் பொழுதுபோக்கு இதழ்கள் ஆகும். அமெரிக்காவில் 'மாடல் ரெயில்ரோடர்' 1934 முதல் வெளிவருகிறது. 'நேரோ கேஜ் அண்ட் ஷார்ட் லைன் கெசட்' 1975இல் தொடங்கியது. இவற்றின் பழைய இதழ்களில் நிலையங்கள், சரக்குப் பெட்டிகள், எஞ்சின்கள் ஆகியவற்றின் அளவு வரைபடங்கள் உள்ளன. பெரிய நிறுவனங்களைப் பற்றித் தனி நூல்கள் ஏராளம். சிறிய நிறுவனங்களுக்கு அவ்வாறு இல்லை. இடிக்கப்பட்டுவிட்ட ஒரு கிராம நிலையத்தை யாரோ ஒருவர் அளவு நாடா கொண்டு அளந்து வரைந்த படம், சில வேளைகளில் ஓர் இதழில் மட்டுமே எஞ்சியிருக்கும்.

சில மைல் தடத்தை மட்டும் இயக்கும் நிறுவனம் 'ஷார்ட் லைன்' எனப்படும். அதைவிடப் பெரியதாகவும், நாடளாவிய நிறுவனங்களைவிடச் சிறியதாகவும் இருப்பது வட்டார ரயில் நிறுவனம். 1980ஆம் ஆண்டின் ஸ்டேகர்ஸ் சட்டத்துக்குப் பின், பெரிய நிறுவனங்கள் இலாபம் தராத கிளைத் தடங்களை விற்பது எளிதாயிற்று. இத்தகைய நிறுவனங்கள் பல அப்போது தோன்றின. பல விரைவிலேயே வேறொன்றில் கலந்தும் போயின. தேடுவோருக்குச் சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

விஸ்கான்சின் சென்ட்ரல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்நிறுவனம் சூ லைனிடமிருந்து வாங்கிய தடங்களில் 1987இல் இயங்கத் தொடங்கி, 2001இல் கனேடியன் நேஷனல் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. ஆனால் 1871இல் தொடங்கிய மற்றொரு விஸ்கான்சின் சென்ட்ரலும் இருந்தது. அது 1909இல் சூ லைனுக்குக் குத்தகைக்குப் போய், 1961இல் அதனுடன் இணைந்தது. பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால் நீராவி எஞ்சின் காலக் கட்டுரையும் டீசல் காலக் கட்டுரையும் ஒன்றாக வந்து நிற்கும். எனவே பெயருடன் காலத்தையும் குறித்துக்கொள்வது முதல் வேலை.

அடுத்தது, அந்தத் தடம் முன்பு யாரிடம் இருந்தது என்று பார்ப்பது. 1993இல் விஸ்கான்சின் சென்ட்ரல், கிரீன் பே அண்ட் வெஸ்டர்ன், ஃபாக்ஸ் ரிவர் வேலி ஆகிய இரண்டையும் வாங்கியது. ஃபாக்ஸ் ரிவர் வேலியின் தடங்கள் அதற்கு முன் சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்னுக்கு உரியவை. ஆகவே ஒரே ஊர் நிலையம் மூன்று பெயர்களின் கீழ் பட்டியலிடப்பட்டிருக்கலாம். எஞ்சின்களுக்கும் இதே நிலைதான். சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் பழைய எஞ்சின்களையே வாங்கின. விஸ்கான்சின் சென்ட்ரலின் எஸ்.டி.45 எஞ்சின்கள் பல, முன்பு பர்லிங்டன் நார்தர்னில் ஓடியவை. நிறுவனப் பெயரில் எதுவும் கிடைக்காதபோது எஞ்சின் வகையின் பெயரில் தேடினால் வரைபடம் அகப்படக்கூடும்.

கட்டுரைத் தலைப்பை நம்புவதிலும் பயனில்லை. தலைப்பில் ரயில் நிறுவனத்தின் பெயரே இராது. 'ஒரு சிறிய எஞ்சின் கொட்டகை' என்பது போன்ற தலைப்புக்குள் வேண்டிய செய்தி ஒளிந்திருக்கும். ஊர்ப் பெயர், கட்டட வகை, எழுதியவர் பெயர் ஆகியவற்றையும் தேடிப் பார்க்க வேண்டும். பல இதழ்கள் ஆண்டு இறுதியில் வெளியிட்ட பொருளடக்க அட்டவணையைப் பொறுமையாகப் படிப்பது, இணையத் தேடலில் தவறுவதைப் பிடித்துத் தரும். வாசகர் கடிதப் பகுதியை விட்டுவிடக் கூடாது. வரைபடத்தில் இருந்த பிழையைச் சுட்டும் கடிதம் சில மாதங்கள் கழித்து வந்திருக்கலாம்.

ஆண்டும் மாதமும் தெரிந்தபின் இதழைப் பெறுவது அவ்வளவு கடினமன்று. 'மாடல் ரெயில்ரோடர்' தன் முதல் 75 ஆண்டு இதழ்களை டிவிடி தொகுப்பாக வெளியிட்டுள்ளது. மற்ற இதழ்களுக்கு நூலகங்களுக்கிடையேயான இரவல் முறையும் பழைய புத்தகக் கடைகளும் உதவும். சூ லைன் வரலாற்றுத் தொழில்நுட்பச் சங்கம் போன்ற ஆர்வலர் அமைப்புகள் தாமே இதழ் நடத்துவதால், அவற்றிடம் கேட்பதும் பயன் தரும்.

கிடைத்த வரைபடத்தின் அளவு விகிதத்தைச் சரிபார்த்தே பயன்படுத்த வேண்டும். 1:87 விகிதத்தில் அச்சான படத்தை 1:160 மாதிரிக்கு ஏற்பச் சுருக்க, 54.4 விழுக்காட்டில் நகலெடுக்க வேண்டும். வருடிய கோப்புகளில் பக்க அளவு மாறியிருப்பது வழக்கம். படத்திலேயே அச்சிட்டுள்ள அளவுகோலை அளந்து பார்ப்பதே பாதுகாப்பானது.