ஒரு நிலையம் ஏன் இரண்டாகத் தெரிந்தது?

மடிக்கணினித் திரையின் நடுவில் ஒரு கோடு. அதற்கு வலப்புறம் ஒரு மோர்ஸ் சைகை மினுக்கியது. இடப்புறம், சரியாக அதே தூரத்தில், அதே சைகை இன்னொரு முறை. எதைச் சொடுக்கினாலும் ஒரே ‘டிட், டா’ ஒலிதான். மூன்று வார இறுதிகளைச் செலவழித்து நானே சால்டர் செய்த வானொலி, ஒரு நிலையத்தை இரண்டாகக் காட்டிக்கொண்டிருந்தது.

நான் செய்தது மென்பொருள்சார் வானொலி. சாதாரண வானொலியில் நிலையத்தைப் பிரித்தெடுப்பதும் அதை ஒலியாக்குவதும் மின்சுற்றின் வேலை. இதிலோ, மின்சுற்று வானொலி அலையைத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்கிக் கொடுப்பதோடு சரி. மீதியைக் கணினி நிரல் பார்த்துக்கொள்ளும்.

தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்கப்பட்ட சிறிய யுஎஸ்பி கருவி ஒன்றின் சில்லு, தான் பெறும் அலையின் மாதிரிகளை அப்படியே கணினிக்கு அனுப்பக்கூடியது என்பது 2012ஆம் ஆண்டில் தெரியவந்தது. பின்லாந்தைச் சேர்ந்த மென்பொருளாளர் அன்டி பலோசாரி இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர். அதன் பிறகுதான் இந்தத் துறை மாணவர்களின் கைக்கு எட்டியது.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். அரை மணி நேரத்தில் மின்னல் எஃப்எம்மின் 96.3 மெகாஹெர்ட்ஸ் திரையில் மலைபோல் எழுந்து நின்றது. ஐந்தாம் படிவம் படிக்கும் தம்பி, “அண்ணா, இது எப்படி வேலை செய்யுது?” என்று கேட்டான். “மென்பொருள் செய்யுது,” என்றேன். அது பதிலே அல்ல என்று எனக்கே தெரியும். பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படிக்கிறவனுக்கு அது உறுத்தியது. சொந்தமாக ஒன்றைச் செய்து பார்க்க முடிவெடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹானைப் பற்றிப் படித்தேன். எளிதில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே ‘பிட்எக்ஸ்’ என்ற வானொலியை வடிவமைத்தவர் அவர். கம்பிச்சுருளுக்கான சிறப்பு வளையங்களுக்குப் பதிலாக, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரிலேயே கம்பியைச் சுற்றியவர். பின்னாளில் மென்பொருள்சார் வானொலி ஒன்றையும் அவர் உருவாக்கினார். விலையுயர்ந்த பொருள் இல்லை என்ற சாக்கு எனக்கு அத்துடன் போயிற்று.

பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் வாடகை அறையிலிருந்து எல்ஆர்டி ஏறி, மஸ்ஜிட் ஜாமெக்கில் மாறி, புடுவில் இறங்கினேன். அங்குள்ள ஜாலான் பாசார், மின்னணுப் பாகங்களுக்குப் பெயர்போன தெரு. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 60 ரிங்கிட் ஆனது.

சுற்று எளிமையானதுதான். ஒரு சில்லு 28.2 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைத் தரும். அடுத்தது அதை நான்கால் வகுத்து, 7.05 மெகாஹெர்ட்ஸில் இரண்டு துடிப்புகளாக்கும். ஒன்று மற்றதைவிட 90 பாகை பின்தங்கியிருக்கும். இவை ஒரு மின்னணுச் சுவிட்சை இயக்க, அது ஆண்டெனாவில் வரும் அலையை நான்கு மின்தேக்கிகளுக்கு மாறி மாறித் திருப்பிவிடும். முடிவில் இரண்டு சைகைகள் கிடைக்கும்: ஒன்று கோசைன் பங்கு, மற்றது சைன் பங்கு. கணினியின் ஒலி அட்டை இரண்டையும் நொடிக்கு 48,000 முறை அளந்தால், 7.05க்கு இரு பக்கமும் 24 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரே பார்வையில் தெரியும்.

பிரிக்பீல்ட்ஸ் அறையில் எதுவுமே கேட்கவில்லை. சுற்றிலும் உள்ள கைப்பேசி சார்ஜர்களும் எல்இடி விளக்குகளும் எழுப்பும் மின் இரைச்சலில் எல்லாம் மூழ்கிவிட்டன. வார இறுதியில் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு எடுத்துச் சென்று, வீட்டுக்குப் பின்னால் மாமரம்வரை பத்து மீட்டர் கம்பி கட்டினேன். சைகைகள் வந்தன. கூடவே அந்த இரட்டைக் கோடும் வந்தது.

சால்டர் வேலைதான் பிழை என்று நினைத்து இரண்டு முறை பிரித்துச் சேர்த்தேன். பயனில்லை. கடைசியில் சைன் பங்கு செல்லும் கம்பியைக் கழற்றிப் பார்த்தேன். திரையில் எந்த மாற்றமும் இல்லை! என் மடிக்கணினியின் மைக் துளை ஒற்றைத் தடம் கொண்டது. சைன் பங்கு ஒருநாளும் உள்ளே போகவே இல்லை.

பிறகு தாளில் எழுதிப் பார்த்தேன். 7.06 மெகாஹெர்ட்ஸ் நிலையம் நடுக்கோட்டுக்கு 10 கிலோஹெர்ட்ஸ் மேலே இருக்கிறது. 7.04 அதே அளவு கீழே. ஒன்று கூட்டல், மற்றது கழித்தல். கோசைன் 60 பாகையும் கோசைன் −60 பாகையும் 0.5தான். கோசைனை மட்டும் பார்க்கும் கணினிக்கு மேல், கீழ் தெரியாது. இரண்டு பக்கமும் போட்டுவிடும். சைன் அப்படியல்ல. சைன் 30 பாகை 0.5, சைன் −30 பாகை −0.5. பக்கத்தைச் சொல்வது அந்தக் கழித்தல் குறிதான்.

இதே கேள்விக்கு எஸ்பிஎம் கூடுதல் கணிதத்தில் சரியாக விடை எழுதியவன் நான். அது எதற்கு என்று அன்றுதான் தெரிந்தது.

இரட்டைத் தட உள்ளீடு கொண்ட யுஎஸ்பி ஒலி அட்டை ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். போலிக் கோடு மங்கியது. இரு பங்குகளின் வலிமையிலும் இருந்த சிறு வேறுபாட்டை நிரலில் சரிசெய்ததும் ஏறக்குறைய மறைந்தே போனது. அன்றிரவு இந்தோனேசிய அமெச்சூர் வானொலியாளர் ஒருவரின் குரல் தெளிவாகக் கேட்டது. வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, கடல் கடந்து எங்கள் மாமரத்துக் கம்பிக்கு வந்த குரல் அது.

தம்பியை அழைத்து, அவனுடைய கூடுதல் கணிதப் புத்தகத்தையே திறந்து விளக்கினேன். “அப்போ சைன் இல்லேன்னா இடது வலது தெரியாதா?” என்றான். இப்போது அந்தக் கம்பியை அவ்வப்போது கழற்றிப் பார்ப்பது அவன் விளையாட்டு.

செய்து பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு இரண்டு செய்திகள். கேட்பது வேறு, ஒலிபரப்புவது வேறு. ஒலிபரப்ப வேண்டுமானால் அமெச்சூர் வானொலித் தேர்வில் தேறி, தொடர்பு பல்லூடக ஆணையத்தின் அனுமதியும் அழைப்புக் குறியீடும் பெற வேண்டும். பிறருடைய தனிப்பட்ட தொடர்புகளை ஒட்டுக்கேட்பதை 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டம் தடுக்கிறது. மற்றொன்று, உங்கள் கருவி முதல் நாளிலேயே வேலை செய்யாவிட்டால் கவலைப்படாதீர்கள். என்னுடையது முதல் நாளே சரியாக ஓடியிருந்தால், தம்பிக்குச் சொல்ல இன்றும் என்னிடம் பதில் இருந்திருக்காது.