மலையடிவாரத்துக் கிழங்குப் பூக்கள்: கவனிக்கும் காலமும் முறையும்

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பிரதேசத்து விவசாயிகளுக்குப் பொதிகை மலை புதிதன்று. கன்னடியன் கால்வாயில் வரும் ஜலம் அம்மலையிலிருந்தே இறங்கி வருகிறது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குச் செல்லும் வழக்கமும் இப்பக்கத்துக் குடும்பங்களில் பலவற்றுக்கு உண்டு. ஆயினும் அவ்விதம் செல்வோரில் அநேகர், வழியோரத்தில் பூத்து நிற்கும் கிழங்குச் செடிகளைக் கவனிப்பதில்லை. கவனிப்பவர்களிற் சிலரோ, பூவைக் கண்டவுடன் கிழங்கைத் தோண்டி எடுத்துவர முற்படுகிறார்கள். முன்னதால் அறிவு நஷ்டம். பின்னதால் செடியும் நஷ்டம், தோண்டியவருக்கும் நஷ்டம். இது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மழையும் கிழங்கும்

கிழங்குச் செடியானது, விளைந்த காலத்தில் பத்தாயத்தை நிரப்பி வைத்துக்கொண்டு, விளையாத காலத்தை அதனால் கழிக்கும் குடும்பத்தைப் போன்றது. மழைக்காலத்தில் இலைகள் தயாரிக்கும் உணவு, மாவுப் பொருளாகக் கிழங்கில் சேர்கிறது. வறட்சி வந்ததும் தண்டும் இலையும் மடிந்துபோகும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். மீண்டும் ஈரம் பட்டதும், சேமித்த உணவைச் செலவிட்டு முளை எழும்பும்.

ஆகவே இச்செடிகளுக்கு மழையே பஞ்சாங்கம். மலையடிவாரத்தில் ஆனி, ஆடி மாதச் சாரலில் முளைக்கும் செங்காந்தள், ஆவணி, புரட்டாசியில் நன்றாய்ப் பூக்கிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் சமவெளிப் புன்செய் வேலிகளில் அதே செடி பிந்தி முளைத்து, ஐப்பசி, கார்த்திகையில் பூக்கிறது. அதற்குக் கார்த்திகைப்பூ என்ற பெயரும் வழங்குவது கவனிக்கத் தக்கது. ஒரே செடி இரண்டு இடங்களில் இரண்டு காலங்களில் பூப்பதைக் கண்ணால் கண்ட விவசாயிக்கு, நடவுக் காலம் மாதத்தைப் பொறுத்ததன்று, ஈரத்தைப் பொறுத்தது என்று வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை.

எக்காலத்தில் எது பூக்கும்

பங்குனி, சித்திரையில் பொத்தைகளும் மேய்ச்சல் தரைகளும் காய்ந்து கிடக்கும்பொழுது, இலை ஒன்றுமின்றி ஒற்றைத் தண்டு மட்டும் நிமிர்ந்து, மங்கிய நிறமுள்ள சிறு பூக்களைத் தாங்கி நிற்பதைக் காணலாம். இது நரி வெங்காயம். மழை விழுந்த பிறகே இதற்கு இலை வரும்.

கோடை மழையை ஒட்டிக் காட்டுக் கருணை பூக்கும். இதற்கும் பூ முதலில், இலை பின்னர். அழுகிய மாமிசத்தைப் போன்ற இதன் நாற்றம், ஈக்களையும் வண்டுகளையும் அழைத்து மகரந்தச் சேர்க்கையை நடத்திக்கொள்ளும் உபாயமாகும்.

மழை தொடங்கியதும், புல்லிடையே சிறு பனங்கன்று போன்ற இலைகளுடன் நிலப்பனை தோன்றும். அதன் மஞ்சள் நிறப் பூக்கள், ஆறு இதழ் கொண்ட நட்சத்திரம் போல, மண்ணை ஒட்டியே மலரும். குனிந்து பாராதவர் கண்ணுக்கு அவை தென்படா.

இவை யாவற்றினும் சிறந்தது செங்காந்தள். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் வரும் நெடிய பூ வரிசை இதனைக்கொண்டே தொடங்குகிறது. இக்காலத்தில் தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. இதன் இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு வேலியைப் பிடித்துக்கொண்டு ஏறும். பூ தலைகீழாகத் தொங்க, ஓரம் நெளிந்த ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடிந்து நிற்கும். பசுமையாய் விரிந்து, மஞ்சளாகி, பின்பு சிவப்பாக மாறும். சூல்தண்டு அடியிலேயே ஒரு பக்கமாக மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகியிருக்கும். ஆதலால் வண்ணத்துப்பூச்சி முதலியவை வந்தாலன்றிக் காய் நன்றாய்ப் பிடிப்பதில்லை. இச்செடியைப் பயிராக்கும் ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் முதலிய இடங்களில், காலை வேளையில் கையினாலேயே மகரந்தம் சேர்ப்பது இதுபற்றியே. அங்கு விளையும் விதையிலிருந்து எடுக்கப்படும் கால்சிசின் என்னும் சத்து, கீல்வாத நோய்க்கு மருந்தாகிறது. 1937ஆம் வருஷம் முதல், பயிர்களின் குரோமோசோம்களை இரட்டித்துப் புதிய ரகங்கள் உண்டாக்கவும் அது உபயோகப்பட்டு வருகிறது.

பூக்கும் சமயத்தில் தோண்டலாகாது

சில வருஷங்களுக்கு முன் விவசாயி ஒருவர், தமக்குச் சொந்தமான அடிவாரப் பரம்பிலிருந்து செங்காந்தள் கிழங்குகளைப் புரட்டாசி மாதத்தில் ஒரு சாக்கு நிறையத் தோண்டி வந்து, கிணற்றடித் தோட்டத்தில் நட்டார். மறு வருஷம் ஆனி முடிந்தும் பத்தில் ஒன்றுகூட முளைக்கவில்லை. உரம் போதவில்லையோ என்று என்னைக் கேட்டார். நான் மண்ணைக் கிளறிப் பார்த்ததில், சுருங்கிய தோல்களும் விரல் பருமனுள்ள அழுகல் துண்டுகளுமே அகப்பட்டன. குறை உரத்தில் இல்லை. தோண்டிய காலத்தில் இருந்தது.

செங்காந்தளின் கிழங்கு கலப்பையைப் போல் இரண்டு கவராக இருக்கும். கலப்பைக் கிழங்கு என்ற பெயர் அதனாலேயே வந்தது. ஒவ்வொரு கவரின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண் உண்டு. அது எளிதில் ஒடியக்கூடியது. ஒடிந்தால் அக்கவர் முளைக்காது. நிற்க, மழையில் செடி எழும்பும்பொழுது பழைய கிழங்கு தன் உணவையெல்லாம் தண்டுக்கும் பூவுக்கும் கொடுத்து வற்றிவிடுகிறது. புதிய கிழங்கு அப்பொழுதுதான் உருவாகத் தொடங்கி, காய் முற்றிக் கொடி காயும்வரை பருக்கிறது. எனவே பூ அழகாய் இருக்கும் சமயத்தில் தோண்டுபவருக்குப் பழைய கிழங்கும் கிடைக்காது, புதிய கிழங்கும் கிடைக்காது. நம் கண்ணைக் கவரும் காலமே செடிக்கு மிகவும் பலவீனமான காலம் என்பதை மறக்கலாகாது.

விதை மூலம் உண்டாகும் செடி பூக்கும் நிலையை அடைய 3 அல்லது 4 வருஷங்கள் செல்லும். ஒரு நிமிஷத்தில் மண்வெட்டியால் அழிப்பதை மீண்டும் காண அத்தனை காலம் காத்திருக்க வேண்டும். அகஸ்தியமலைத் தொடரிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாய் வளராத ஒருவகை ஆர்க்கிட் உண்டு. மஞ்சள் நிறமுடைய அதன் பூ, பாதரட்சை வடிவில் இருக்கும். பூப்பிரியர்களுக்காகச் செடியோடு பெயர்த்தெடுத்ததாலும் காட்டுத் தீயினாலும் அது இன்று அடியோடு அழியும் நிலையில் இருக்கிறது. செங்காந்தளுக்கு அந்நிலை நேராதிருக்க வேண்டுமாயின், பயிரிட விரும்புவோர் கிழங்கைப் பயிர் செய்வோரிடமிருந்தே வாங்க வேண்டும்.

விஷ எச்சரிக்கை

செங்காந்தளின் எல்லாப் பாகங்களும் விஷமுள்ளவை. கிழங்கும் விதையும் கொடிய விஷம். காட்டு வள்ளிக்கிழங்கு என்று கருதி இதை அவித்துத் தின்று இறந்தவர்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. அவிப்பதனால் இவ்விஷம் நீங்காது. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் காணும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எஞ்சிய கிழங்கையும் வைத்தியரிடம் காட்டுதல் நலம். கைவைத்தியம் செய்து காலத்தைப் போக்கலாகாது. நரி வெங்காயமும் பார்வைக்கு வெங்காயம் போலிருப்பினும் இருதயத்தைத் தாக்கும் விஷமாகும். குழந்தைகளுக்கு இவற்றை நேரில் காட்டி எச்சரித்து வைப்பது மிகவும் அவசியம்.

மலைக்குச் செல்வோர் அனுசரிக்க வேண்டியவை

முண்டந்துறையும் களக்காடும் 1988ஆம் வருஷம் முதல் ஒரே புலிகள் காப்பகமாக இருந்து வருகின்றன. வன இலாகாவின் அனுமதியின்றி உள்ளே நடமாடக் கூடாது. அனுமதி பெற்றவரும் பூ, விதை, கிழங்கு எதையும் எடுக்கக் கூடாது. ஆனால் இவ்வறிவைப் பெறக் காட்டுக்குள் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஊரை அடுத்த பொத்தையையோ வேலியையோ தேர்ந்தெடுத்து, வருஷத்தில் மூன்று முறை பார்த்தாற் போதும்: முதல் மழைக்குப் பின் ஒரு முறை, பூக்கும்பொழுது ஒரு முறை, கொடி காய்ந்தபின் தை மாதத்தில் ஒரு முறை. மழை விழுந்த தேதி, முளை கண்ட தேதி, பூத்த தேதி, காய் வெடித்த தேதி ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் குறித்து வரவேண்டும். சில வருஷக் குறிப்புகள் சேர்ந்தால், அவ்வூரின் மழைப் போக்கை அறிய அது நல்ல கருவியாகும்.

கிராம அதிகாரிகள் செய்யக்கூடிய உதவியும் உண்டு. பாதையோர வேலிகளைச் சுத்தம் செய்வதாயின், காய் வெடித்து விதை உதிர்ந்த பிறகே செய்யும்படி பார்த்துக்கொள்ளலாம். மாசி, பங்குனியில் பரம்புகளில் தீ வைப்பதைத் தடுக்கலாம். ஆழத்திலுள்ள பெரிய கிழங்கு தீக்குத் தப்பினாலும், மேலாக உள்ள இளங்கிழங்குகளும் விதைகளும் தப்புவதரிது. காட்டுக் கிழங்கு வாங்க வரும் வியாபாரிகளைப் பற்றி வன இலாகாவுக்குத் தகவல் கொடுக்கலாம்.

என்னிடம் உரம் பற்றிக் கேட்ட அந்த விவசாயி, பின்பு தம் பரம்பில் எஞ்சியிருந்த கொடிகளைத் தொடாமல் விட்டார். விதை உதிர்ந்து முளைத்த நாற்றுக்களில் சில, நான்காம் வருஷம் ஆவணியில் பூத்தன. இப்பொழுது முதற் பூக் கண்ட தேதியை ஆண்டுதோறும் அவரே எனக்குத் தெரிவித்து வருகிறார்.