எட்டுப் போடலாம் வாங்க!

குழுக் கடனில் ஸ்கூட்டி வாங்கிய சகோதரிகள் நம் கூட்டமைப்பில் பெருகிவிட்டார்கள். பால் சொசைட்டிக்கும் சந்தைக்கும் பனியன் கம்பெனிக்கும் வண்டி ஓடுகிறது. லைசென்ஸ் எங்கே என்றால் மட்டும், "அது கெடக்குதுங்க, பொறவு பாத்துக்கலாம்" என்று பதில் வருகிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 5,000 ரூபாய் அபராதம். அதைவிடப் பெரிய ஆபத்து விபத்தில்தான். அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை வண்டிச் சொந்தக்காரரிடமே இன்சூரன்ஸ் கம்பெனி திருப்பிக் கேட்கலாம். கடனும் நம் தலையில், இழப்பீடும் நம் தலையில்.

எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழிந்த பிறகே டெஸ்ட். அது ஆறு மாதம் செல்லும். அதுவரை வண்டியில் 'எல்' போர்டு வேண்டும். பின்னால் உட்காருபவர் லைசென்ஸ் உள்ள, கற்றுக்கொடுக்கிற ஆளாக இருக்க வேண்டும். ஆகவே பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவதெல்லாம் அப்புறம்.

பலருக்கும் பயம் அந்த எட்டின் மேல்தான். களத்திலோ காலி மைதானத்திலோ செங்கல் வைத்துத் தினமும் பத்து நிமிஷம் பழகினால் போதும். முன் சக்கரத்தைப் பார்க்கவே கூடாது. கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். வளைவின் அடுத்த முனையைப் பாருங்கள். ஆக்சிலேட்டரை ஒரே சீராகப் பிடித்து, இடது கை பிரேக்கை லேசாகத் தொட்டபடி மெதுவாகப் போங்கள். வளைவில் வலது பிரேக்கை அழுத்தினால் வண்டி சாய்ந்துவிடும். காலை ஊன்றக் கூடாது.

டெஸ்டு அன்று வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, எல்.எல்.ஆர். எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் எரிகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஹெல்மெட் கட்டாயம். சேலை என்றால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள்; வரிசை வெயிலில் நகர நேரமாகும், தலை சுற்றும்.

முன்னால் போனவர் காலை ஊன்றிவிட்டால் நமக்கும் கை நடுங்கும். அதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டாம், திரும்பி நின்று மூச்சை மெதுவாக விடுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் கத்திப் பேசினாலும் மனசில் வைக்காதீர்கள், அவர் காலையிலிருந்து வெயிலில் நிற்கிறார். சொன்னது புரியாவிட்டால், "இன்னொருக்கா சொல்லுங்க சார்" என்று கேட்கலாம், தப்பில்லை. ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியைச் சரிசெய்து, பின்னால் பார்த்து, இண்டிகேட்டர் போட்டுவிட்டு எடுங்கள். இதையும் அவர் கவனிப்பார். எஞ்சின் நின்றுபோனால் பதறாமல் மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஆம்பளைங்க சிரிப்பார்களே என்று சில பேர் தயங்குகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-லேயே அரசுப் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்தவர். நாம் ஓட்டப்போவது ஸ்கூட்டிதானே!

ஃபெயிலானால் ஏழு நாள் கழித்துத் திரும்பப் போகலாம். அந்த ஏழு நாளில் எந்த வளைவில் கால் பட்டதோ அதை மட்டும் பழகுங்கள். "நான் முடிச்சுத் தர்றேன்" என்று வாசலில் வரும் புரோக்கரிடம் பணம் கொடுக்க வேண்டாம். 40 வயது தாண்டியவர்கள் டாக்டர் சான்றிதழும் வாங்க வேண்டும்.